பலகையில் விழுந்த பனி

ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜில் கட்டிப்போன பனியைக் கரைத்துக் கழுவி ஊற்றுவதுதான் அந்த மெக்கானிக்கின் பிழைப்பு. ஆனால் வானத்திலிருந்து ஒரு பொட்டுப் பனி தன் முற்றத்தில் விழாதா என்று குளிர்காலம்தோறும் ஏங்கிக் கிடந்தார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று, வானிலைப் பைத்தியங்கள் கூடும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போய்ச் சேர்ந்தார். அங்கே போன பிறகுதான் சிரிப்பு என்றால் என்னவென்று தெரிந்தது.

குழுவில் நாலா திசையிலும் ஆள் உண்டு. மலையில் விடுதி நடத்துகிறவர், பனி முழங்கால் மட்டும், கதவைத் திறக்க முடியவில்லை என்று விடிந்ததும் விடியாததுமாகப் பீற்றிக்கொள்வார். கடலோரத்து மருந்துக்கடை அக்கா விடுவாரா? பனி யாருக்கு வேண்டும், எங்கள் காற்றில் கொஞ்ச நேரம் நின்றால் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கணும் என்பார். பாலைவனத்து லாரிக்காரருக்குப் பகலில் வேர்வை, விடியலில் வாளித் தண்ணீரில் கண்ணாடிபோல ஏடு கட்டியிருக்கும். நம் மெக்கானிக் இருப்பதோ சமவெளி. குளிருக்குக் குறைவில்லை, பனிதான் எட்டிப் பார்க்காது. தினமும் அவர் போடும் பதிவு ஒன்றேதான்: பனி, பூஜ்யம். போகப் போக அவர் பெயரே ‘பூஜ்யம் சார்’ ஆகிவிட்டது. வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள். ஆனாலும் மனுஷனுக்கு வலித்தது. ஒரே ஒரு நாள் பனியை அளந்து காட்டிவிட்டால் அந்தப் பெயர் ஒழிந்துவிடும்.

அளப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. வெள்ளையடித்த பலகையைத் திறந்த வெளியில் வைக்கணும். சரியாகக் காலை எட்டு மணிக்கு, கையும் காலும் படாத அந்தப் பனியில் அளவுகோலை நட்டுப் போட்டோ எடுக்கணும். கொஞ்சம் முந்தினாலும் செல்லாது என்று மலைக்காரர் தள்ளிவிடுவார்.

அன்று காலை கதவைத் திறந்தார். முற்றமும் அதில் அவர் வைத்திருந்த பலகையும் வெள்ளை வெளேரென்று கிடந்தன, பனி இன்னும் விழுந்துகொண்டும் இருந்தது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ‘விழுந்துடுச்சு’ என்று மட்டும் குழுவில் போட்டார். எட்டு மணி வரைக்கும் பலகை பத்திரம் என்று கடலோர அக்கா உடனே புத்தி சொன்னார்.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஏழரைக்குக் கிளம்ப வந்தவள் முன்னால் இவர் கையை விரித்து நின்றார். பலகை வேனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சக்கரம் வாரியடித்தால் அளவு கெட்டுப்போகும், எட்டு அடிக்கட்டும் என்று கெஞ்சினார். இப்படியொரு கூறுகெட்ட வேண்டுகோளை எந்தப் பெண்டாட்டியும் கேட்டிருக்க மாட்டாள். தினமும் காலையில் இவர் முகம் தொங்கிப்போவதைப் பார்த்தவள், பாவம், கொஞ்ச நேரம்தான் என்று சொல்லி வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

அதற்குள் பனி சும்மா இருக்குமா? அதற்கு மேல் பொறுக்க முடியாமல் எட்டுக்கு முன்பே அவள் வண்டியைக் கிளப்பியபோது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. இவர் மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டினார், அடியில் இறுகிப்போய்க் கிடந்தது. சாக்கை மடித்துப் போட்டார், அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அவள் இறங்கி வந்தாள்.

“ஏங்க, பிள்ளைங்க ரோட்டுல நிக்குதுங்க.”

கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். சக்கரத்துக்கு அடியில் கொடுக்கத் தட்டையாக, கெட்டியாக ஏதாவது வேண்டும். முற்றத்தில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவளும் அதைப் பார்த்தாள், ஆனால் கேட்கவில்லை. எட்டு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான்.

மனுஷன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பலகையைத் தூக்கினார். மேலிருந்த பனி பொத்தென்று சரிந்தது. சக்கரத்துக்கு அடியில் செருகி, மெதுவாக விடச் சொன்னார். பலகை மடாரென்று முறிந்தது. வேன் துள்ளி வெளியே வந்து தெருமுனையில் திரும்பிப் போயிற்று.

எட்டு மணிக்குக் குழுவில் ஒரே ஆரவாரம். மலைக்காரரே குரல் பதிவு அனுப்பியிருந்தார், அதுவும் முதல் தடவையாக மரியாதையோடு.

“எவ்வளவு சார்? சொல்லுங்க, காத்துக்கிட்டிருக்கோம்.”

முற்றம் முழுக்கச் சக்கரத் தடம், செருப்புத் தடம். விறைத்த விரலால் எழுத வரவில்லை, குரலிலேயே பதில் சொன்னார்.

“அளக்கல அண்ணே. பலகையை வண்டிக்குக் குடுத்துட்டேன். பிள்ளைங்க குளிர்ல நின்னுச்சுங்க.”

மலைக்காரர், சட்டப்படி செல்லாது என்று எழுதினார். மெக்கானிக்குக்கு அழுகையாகத்தான் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார், அவள் திரும்பி வருவதற்கு வழி வேண்டுமே என்று இத்தனை வருஷம் ஏங்கிய பனியை அள்ளி ஓரமாகத் தள்ள ஆரம்பித்தார்.