ஜன்னலுக்கு வெளியே நின்ற பூசாரி

காலண்டர்படி அன்று கோடையின் முதல் நாள். ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் இருந்த அந்த மீன்பிடி ஊரிலோ காலையிலிருந்து பனிப்புயல். கடற்கரைப் பாறையருகே நடக்க வேண்டிய கல்யாணத்தை டல்லாவின் வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு அப்பால் சாலையே மூடிக் கிடந்தது. மாப்பிள்ளை கௌட்டி சாயங்காலம் கப்பலேற வேண்டும். ஏறினால் எப்போது திரும்புவான் என்பது மீனுக்குத்தான் தெரியும்.

பூசாரி ஒட்டார் கேட்டுக்கு வெளியே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். சாலைப் பனி தள்ளுவது அவன் பிழைப்பு. ஓடின், தோர், ஃப்ரேயர் என்ற அந்நாட்டின் பழைய தெய்வங்களுக்குப் பூசை விருந்து நடத்துவது அவன் பொறுப்பு. டல்லா அவன் கூடப்பிறந்த தங்கை, மணப்பெண் ஸ்வாலா அவள் மகள்.

அந்த வீட்டுக்குள் இனி நுழைவதில்லை என்று அவன் சத்தியம் செய்திருந்தான். சில வருஷங்களுக்கு முன், நடுக்குளிர்கால விருந்தில் மது நிரப்பிய மாட்டுக்கொம்பு சுற்றி அவன் கைக்கு வந்தபோது, சத்தியம் செய்கிறவர்கள் பிடிக்கும் கோயில் வளையத்தைப் பிடித்தபடி எல்லார் முன்னிலையிலும் சொன்னது. காரணம் ஒரு குதிரை. கால் ஒடிந்த அவனுடைய கிழட்டுக் குதிரை சோர்லியை, அவன் ஊரில் இல்லாத நேரத்தில் டல்லா வெட்டக் கொடுத்து, கறியைப் புகை போட்டு, அவனுக்கே பரிமாறிவிட்டாள். இரண்டாம் முறை வாங்கித் தின்ற பிறகுதான் சொன்னாள். குதிரைக்கறி பாவம் என்றாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். அவர்கள் மதத்தில் அது பாவமே இல்லை. முட்டாள்தனமாகச் சத்தியம் செய்துவிட்டோம் என்பது மறுநாளே அவனுக்குப் புரிந்தது. ஆனால் வளையத்தின் மேல் சொன்னதை யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது? அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் அவள் கேட் வரை துடைத்துவிட்டதுபோல் பனி தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான்.

ஸ்வாலா கல்யாண உடைக்கு மேல் யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் உள்ள வாயேன். யாரு கேக்கப் போறா?"

"நான் சொன்ன சொல்லை மீறிட்டு, அதே வளையத்தை உங்க கையில குடுத்து சத்தியம் பண்ணுங்கன்னா, அதுக்கு என்னடி மதிப்பு?"

"அப்ப எனக்குக் கல்யாணம் இல்லையா?"

அவள் உதடு துடித்தது. ஒட்டார் வண்டியை விட்டு இறங்கினான்.

"போய் அடுக்களை ஜன்னலைத் தொறக்கச் சொல்லு. நான் வெளியவே நிக்கறேன்."

முழங்கால் பனியில் நின்று அவன் தெய்வங்களை அழைத்தான். காற்று பாதியை அள்ளிக்கொண்டு போனது. திறந்த ஜன்னல் வழியாக, உள்ளே கோட்டும் தொப்பியுமாக நின்ற விருந்தாளிகளின் மேலும் கேக்கின் மேலும் பனி விழுந்தது. டல்லா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"பூசாரி, பாதி மந்திரம் காத்துல போச்சு. கல்யாணமும் பாதிதானா?" என்றான் கௌட்டியின் கப்பல் கூட்டாளி ஒருவன்.

"மீதியை நீங்க திரும்பி வந்தப்புறம் தரேன்டா."

ஒட்டார் வளையத்தை ஜன்னல் வழியாக நீட்டி ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். மறுபக்கத்தைப் பிடித்து இருவரும் சத்தியம் செய்தார்கள். மதுக்கொம்பு சுற்றி டல்லாவிடம் வந்தது. அவள் குடிக்கவில்லை. கொம்போடு விறுவிறுவென்று வெளியேறினாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

பின்கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"குடி, அண்ணே."

"உள்ள போ. வெறச்சுப் போயிடுவ."

"உங்கிட்ட வரமாட்டேன்னு நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலையே."

ஒட்டாருக்குச் சுருக்கென்றது. "பின்ன ஏன் இத்தனை நாள் வரல?"

"வண்டிச் சத்தம் கேட்டா ஜன்னல்ல வந்து நிப்பேன். நீ திரும்பியே பாக்க மாட்ட." அவள் கொம்பை அவன் கையில் திணித்தாள். "சோர்லி வலியில கத்துச்சு அண்ணே. அதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல. செத்துப்போச்சுன்னு உங்கிட்ட சொல்லவும் வாய் வரல. அதான் சோத்தப் போட்டுட்டே சொல்லிக்கலாம்னு..."

அவன் ஒரு வாய் குடித்தான். மிச்சத்தைக் குதிரையின் பெயரைச் சொல்லிப் பனியில் ஊற்றினான். தாடியில் உறைந்திருந்த பனி கரைந்து வழிந்தது.

"நாளைக்கு நான் உன் வீட்டுக்கு வரேன். ஏதாச்சும் ஆக்கி வை," என்றாள்.

"என்ன வேணும்?"

டல்லா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மீனு."