ஒன்பது கிண்ணத்துக்கு ஒரு ஜெபனா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் திருடினேன். அடிஸ் அபாபாவுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் என் வீட்டுக் காப்பிக்கு மின்சார இயந்திரம்தான். போன மாதம் அது மண்டையைப் போட்டது. சரி, ஊரோடு ஒத்துப்போவோம் என்று ஜெபனா வாங்கச் சந்தைக்குப் போனேன். காப்பி காய்ச்சும் நீண்ட கழுத்து மண்பானை. எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். பேர் தெரியாது, யெஷி என்று வைத்துக்கொள்கிறேன்.

2

யெஷி பானையை நகத்தால் சுண்டி, காதருகே

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் பானையின் கதையாகிவிடும்.)

யெஷி ஓர் அடுக்குமாடிக்குக் குடிவந்து ஏழு வாரம். ஒருவர்கூட அவளைக் காப்பிக்குக் கூப்பிடவில்லையாம், பானைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அதைவிட அவமானம் கிடையாது.

"எத்தன பேருக்கு தாயி?" என்றாள் பானைக்காரி.

"வீட்ல நானும் அவரும்தான்."

"அத யாரு கேட்டா? காப்பிக்கு எத்தன பேருன்னு கேட்டேன்."

அடேயப்பா! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் எத்தனை வாட் என்று பார்த்து இயந்திரம் வாங்கியவன். இங்கே பானை வாங்கப் போனால், உனக்கு எத்தனை மனிதர்கள் என்று கேட்கிறார்கள்.

சின்னதை எடுத்தால் யாரும் வேண்டாம் என்று அவளே சொன்னதாகும். ஒன்பது கிண்ணம் கொள்ளும் பெரியதை எடுத்து யாரும் வராவிட்டால், ஒன்பது காலிக் கிண்ணங்களோடு உட்கார வேண்டும்.

"பெருசே குடுங்க," என்றாள்.

3

(நான் பார்த்ததும் கேட்டதும் இவ்வளவுதான். இனி என் சரக்கு.)

மண்வாடை போக மூன்று நாள் காய்ச்சிக் கொட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஊர் வழக்கப்படி தரையில் பச்சைப்புல் பரப்பி, ஒன்பது கிண்ணம் அடுக்கி, காப்பிக்கொட்டை வறுத்தாள். வறுத்த சட்டியைப் புகையோடு ஒவ்வொரு விருந்தாளியின் முகத்துக்கு நேரே காட்டுவது மரியாதை. வீட்டிலோ ஒரு விருந்தாளியும் இல்லை. யெஷி சட்டியோடு எழுந்து வாசலைத் தாண்டினாள்.

"ஏய், எங்க போற?" என்றான் புருஷன் முலாத்.

"புகை காட்ட."

"கதவுக்கா? பைத்தியம்னு பேர் வாங்கவா இங்க குடிவந்தோம்?"

"யாரையும் அண்டவிடாதவங்கன்னு பேர் வாங்குறதுக்கு இது தேவல. நீங்க தண்ணி கொதிக்குதான்னு பாருங்க."

முதல் கதவின் முன் நின்று புகையைக் கையால் விசிறினாள். தலை குனிந்தாள். அடுத்த கதவுக்கும் அப்படியே. மூடிய கதவுகளுக்கு விருந்தாளி மரியாதை! எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நான் உண்டாக்கிய பெண்தான், ஆனால் இந்தத் துணிச்சல் என்னிடமிருந்து போனதல்ல.*

* பதினெட்டு வருஷத்தில் பக்கத்து வீட்டு வாசலில் நான் ஒருதரம்கூட நின்றதில்லை.

4

முதல் முடிவு: எல்லாக் கதவுகளும் திறந்தன. (பொய். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

இரண்டாவது: ஒன்றும் திறக்கவில்லை. அவளும் முலாத்தும் எதிரெதிரே உட்கார்ந்து

(கிழித்துவிட்டேன். அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை நான்.)

மூன்றாவதை எழுத எனக்கு உரிமையில்லை. யெஷி கடைசிக் கதவின் முன் நிற்கிறாள். கூப்பிடப் பேர்கூடத் தெரியவில்லை.

"உள்ள யாரு? காப்பி குடிக்க வாங்களேன்," என்கிறாள்.

உள்ளே இருப்பது நீங்கள்தான். சட்டியில் புகை இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்.