ஓரகத்தியின் இயந்திரம்

மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் தட்டில் கிருமி வளர்த்துப் பார்ப்பது என் வேலை. மலத்தைத் துளி எடுத்துத் தடவி, இளஞ்சூட்டில் வைத்து, என்ன முளைக்கிறது என்று காத்திருக்க வேண்டும். கொழுந்தன் பெண்டாட்டி எனக்குப் பின்னால் அங்கே சேர்ந்தவள். அவளுக்கோ மரபணுவைப் பார்த்துக் கிருமியின் பெயரைச் சொல்லிவிடும் புது இயந்திரம், குளிர்சாதன அறை. வீட்டிலும் அவள் புராணம்தான். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

என் மகளுக்கு ரத்தமும் சளியுமாகப் போக ஆரம்பித்தது. கண் குழி விழுந்துவிட்டது. உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தால் துப்பினாள். என்ன கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து என்றார் டாக்டர். என் தட்டில் ஒன்றும் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் மகளின் மலம் இருந்த டப்பாவை ஓரகத்தியிடம் நீட்டினேன்.

"முன்னாடியே குடுத்திருக்கலாமேக்கா," என்றாள். குத்திக்காட்டினாளோ, அக்கறையோ, யார் கண்டது.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பிள்ளையின் மலமும் வேண்டுமாம். தன் மகனுடையதையே கொண்டுவந்தாள். "ஒரே வீடு, ஒரே வயசு, அதான்." இந்த நேரத்திலும் பிள்ளைப் பெருமையா என்று பொருமினேன்.

மதியமே முடிவு வந்தது. என் மகளிடம் ஷிகெல்லா, சீதபேதி உண்டாக்கும் கிருமி. அவள் மகனிடமும் ஷிகெல்லா.

அவள் முகம் செத்துப்போனது. "இவன்கிட்ட இருந்துதான் பாப்பாவுக்கு வந்திருக்குமாக்கா?"

"உன் மெஷினைக் கேளு," என்றேன். மூக்கு உடைந்தது என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. மகள் அந்த நிலையில் கிடக்கும்போது.

வீட்டில் அவளே மாமியாரிடம் சொன்னாள். மாமியார் பேரனை வாரித் தூக்கிக்கொண்டார். "அவ்வளவு கிருமி இருந்தும் என் சிங்கத்தை ஒண்ணும் பண்ண முடியல பாரு."

கிருமியிலும் கொடுப்பினை அவளுக்குத்தான்.

மருந்து தொடங்கியாயிற்று. ஆனால் தண்ணீர் உள்ளே போகாவிட்டால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கையில் டம்ளரைக் கண்டதும் மகள் வாயை இறுக்கிக்கொண்டாள். ஓரகத்தி சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு, உள்ளே வரலாமா என்று தயங்கி வாசற்படியில் நின்றாள்.

"சித்தி குடுக்கட்டும்," என்றது என் வயிற்றில் பிறந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டம்ளரை அவளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். டம்ளர் காலியானது. அடுத்ததைக் கலக்கப் போனேன்.