சீலிங் விட்டுப்போன எஸ்டிமேட்

எங்க தெருவுல என் வீட்டுக்காரருக்குப் பேரு எஸ்டிமேட்டு. பெயின்டிங் கான்ட்ராக்டர்னு போர்டுல போட்டிருக்கு, ஆனா யாரும் அப்படிக் கூப்பிடறதில்லை. ஒரு வீட்டுக்குள்ள காலை வெச்சா, குடிக்கத் தண்ணி வாங்கறதுக்கு முன்னாடி சுவத்தை விரலால தட்டிப் பார்ப்பாரு. எத்தனை சதுர அடி, எத்தனை லிட்டர், எத்தனை ஆளுன்னு மனசுக்குள்ளயே போட்டு, சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்துடுவாரு. துக்கம் விசாரிக்கப் போன வீட்டுல தட்டினாருன்னு ஒரு தடவை தொடையில கிள்ளியே விட்டிருக்கேன்.

குணத்துல தங்கம். எழுதிக் கொடுத்தா கொடுத்ததுதான். கொட்டேஷன்ல இவரு கையெழுத்துப் போட்டு, எதிராளி 'சம்மதம்'னு எழுதி முப்பது சதவீதம் அட்வான்ஸும் கைமாறிட்டா, அப்புறம் வானமே இடிஞ்சு விழுந்தாலும் தொகை மாறாது. அனுப்பறதுக்கு முன்னாடி எது விட்டுப்போச்சுன்னு நான் ஒரு தடவை படிச்சுடுவேன். பொண்ணு பிறந்து நான் அம்மா வீட்டுல இருந்தப்ப, அவரே ஒரு பெரிய ஹாலுக்கு எழுதிக் கொடுத்துட்டாரு. நாலு சுவரு, கதவு, ஜன்னல், கிரில் எல்லாம் இருக்கு, சீலிங் இல்லை. மனுஷன் தலையைத் தூக்கி மேல பார்க்கவே இல்லை. கேட்டிருந்தா அவங்க கொடுத்திருப்பாங்க. இவரா கேட்பாரு? கைக்காசைப் போட்டு அடிச்சுக் கொடுத்துட்டு வந்தாரு. அன்னிலேருந்து எங்க வீட்டுல யாரு எதை மறந்தாலும் "சீலிங்கை விட்டுட்டியா"ன்னுதான் கேட்போம்.

இந்த மனுஷன்கிட்டப் போய், முப்பத்தொன்பது வயசுல, நான் காலேஜ்ல சேரணும்னு சொன்னேன்.

திடீர்னு வந்த ஆசை இல்லை. முந்தின வருஷம் எங்க பொண்ணுக்குக் காய்ச்சல் விடாம அடிச்சப்ப, ரத்தம் பார்க்கற லேபுக்கு நடையா நடந்தோம். அங்க இருந்த அம்மா, நான் எட்டி எட்டிப் பார்க்கறதைக் கண்டுட்டு, "வாங்க, நீங்களே பாருங்க"ன்னு மைக்ராஸ்கோப்புல பார்க்க விட்டாங்க. என் பொண்ணோட ரத்தம், ஒரு சொட்டு, அதுக்குள்ள அத்தனை இருக்கு. வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளலை. லேப் டெக்னீஷியன் படிப்பு ரெண்டு வருஷம்தான்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அரசு காலேஜ்ல வயசு தாண்டிடுச்சுன்னு கையை விரிச்சுட்டாங்க. பாக்கி இருந்தது ஒரே ஒரு சின்ன தனியார் காலேஜ். கீழே டயர் கடை, மேல ரெண்டு மாடி, அவ்வளவுதான் மொத்தக் காலேஜும். வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ஃபீஸ்.

வீட்டுல அப்ப ஒரு லட்சத்து முப்பதாயிரம் இருந்துச்சு. ஆனா அது சாரத்துக்காக எடுத்து வெச்ச பணம். உயரமான சுவத்துல ஏறி நின்னு அடிக்கறதுக்கு இரும்புக் குழாய்ச் சாரம் வேணும், ஒவ்வொரு வேலைக்கும் வாடகைக்கு எடுத்தே நொந்து போயிருந்தாரு. சொந்தச் சாரம்னா அவருக்கு அவ்வளவு ஆசை. பழைய காலண்டர்ல அதோட படத்தை வெட்டி ஒட்டி வெச்சிருந்தாருன்னா பார்த்துக்குங்க.

வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், அதுல எனக்கு நல்ல பழக்கம். அவரு சொல்லலை. "எஸ்டிமேட் போட்டுப் பார்ப்போம்"னாரு.

மறுநாளே காலேஜைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனாரு. புடவைக்கு இஸ்திரி போட்டுக் கட்டிட்டு நான் மரியாதையா வந்தா, இவரு இடுப்புல அளக்கற டேப்பைச் செருகிட்டு வர்றாரு. மாடிப்படி ஏறும்போதே சுவத்தைத் தட்ட ஆரம்பிச்சுட்டாரு. "முன்பக்கம் போன வருஷம் அடிச்சிருக்காங்க. பின்பக்கம் ஆறு வருஷமா கையே வைக்கலை. காசு கொஞ்சம் இழுபறிதான் போல"ன்னு என் காதுல ஓதினாரு.

"நாம சேர வந்திருக்கோம், வெள்ளையடிக்க வரலை"ன்னேன்.

காலேஜை நடத்தற மேடம் மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு, தானே ஒரு பெட்டியைத் திறந்து கண்ணாடிக் குழாயெல்லாம் எண்ணிட்டிருந்தாங்க. இவரு நேரா விஷயத்துக்கு வந்துட்டாரு. "மேடம், படிச்சா வேலை கிடைக்குமா?"

"எல்லாருக்கும் கிடைக்காது"ன்னாங்க. "போன வருஷம் வெளிய போன பேட்ச்ல இருபத்திரண்டு பேரு சேர்ந்தாங்க, பத்தொன்பது பேரு முடிச்சாங்க. பதினாலு பேரு வேலையில இருக்காங்க. ஆரம்பச் சம்பளம் மாசம் பதினெட்டாயிரம் வரும். நூத்துக்கு நூறு வேலைன்னு போஸ்டர் ஒட்டற காலேஜும் இருக்கு. விலாசம் வேணும்னா தர்றேன்."

இவருக்கு அது பிடிச்சுப் போச்சு. கிளம்பும்போது மேடம், "மாடிப்படிச் சுவரு ரொம்ப மோசமோ?"ன்னு கேட்டாங்க. "உள்ள பூச்சு விட்டிருக்கு மேடம், அப்புறம் சொல்றேன்"னாரு. எனக்கு மானம் போச்சு.

ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சு கணக்குப் போட உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரரோட அக்காவும் வந்திருந்தாங்க. அண்ணிக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல உத்தியோகம், அவங்க கண்ணுக்குத் தப்பி ஒரு எண்ணு எங்கயும் போக முடியாது. சாரம் வாங்கணும்னு தம்பியை அரிச்செடுத்ததே அவங்கதான். எங்க பொண்ணு கால்குலேட்டரோட நடுவுல உட்கார்ந்துட்டா. ப்ளஸ் டூ படிக்கறா, வாயும் ப்ளஸ் டூதான்.

ரெண்டு வருஷ ஃபீஸ், புத்தகம், பஸ்ஸு, வெள்ளைக் கோட்டு எல்லாம் எழுதினாரு. "சேதாரம் பத்து சதவீதம்"னாரு.

"படிப்புல என்னங்க சேதாரம்?"

"சிந்தும்"னாரு. அதுக்கு மேல விளக்கம் கிடையாது.

மொத்தம் மூணு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு. பொண்ணு தட்டிப் பார்த்துட்டு, "அம்மா வேலைக்குப் போய் ஒன்றரை வருஷத்துல போட்ட காசு வந்துடும்பா. அதுக்கப்புறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் லாபம்தான்"னா. அவரு தாடையைச் சொறிஞ்சாரு. சொறிஞ்சா பாதி சம்மதம்னு அர்த்தம்.

அண்ணி பேப்பரை இழுத்துப் பார்த்தாங்க. "வருமான இழப்புன்னு ஒண்ணு போடணுமே, போட்டியா தம்பி?"

"அவளுக்கு ஏதுக்கா வருமானம்? பூஜ்யம்னு போட்டிருக்கேன் பாரு."

சுருக்குன்னுச்சு எனக்கு. பொய்யின்னும் சொல்ல முடியலை. என் பேருல ஒரு காசு வந்ததில்லை.

"வருமானம் இல்லை, சரி"ன்னாங்க அண்ணி. "இவ பையைத் தூக்கிட்டுப் போயிட்டா, உனக்கு வர்ற ஃபோனை யாரு எடுப்பா? கொட்டேஷன் டைப் அடிக்கறது, பில்லு போடறது? அதுக்கு ஆளு வைக்கணுமில்ல, அந்தச் செலவு எங்க?" நல்ல எண்ணத்துல கேட்கலை. காலேஜுக்கு ஆப்பு வைக்கணும், சாரம் வாங்கணும், அவ்வளவுதான் அவங்க கணக்கு.

இவருக்கு மூஞ்சி பிரகாசமாயிடுச்சு. விட்டுப்போன ஐட்டம் ஒண்ணு கிடைச்சா அவருக்குச் சந்தோஷம் தாங்காது. ஃபோனுக்கும் பில்லுக்கும் ஒரு பொண்ணை வெச்சா ஒன்பதாயிரம்னு எழுதினாரு. அப்புறம் ஷேடு. கஸ்டமர் ஒரு துணியைக் கொண்டு வந்து இதே கலரு வேணும்னு நின்னா, அதே மாதிரி கலக்கித் தர்றது நான்தான். அதுக்குப் பெயின்ட் கடைக்காரருக்கே ஃபோன் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சாரு.

"ஷேடு கலக்க ஆளு வேணும்னா என்ன கேட்பான்?"

"உங்க வீட்டம்மா மாதிரியா? அப்படி ஆளு கிடைக்காதுங்க. சுமாரா கலக்கறவனே பன்னிரண்டாயிரம் கேட்பான்."

பாக்கி வசூலுக்கு அலையற ஆளுக்கு ஏழாயிரம். வீட்டைப் பார்த்து, சமைச்சுப் போடறதுக்கு எட்டாயிரம். மாசம் முப்பத்தாறாயிரம். ரெண்டு வருஷத்துக்கு எட்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம்னு பொண்ணு சொன்னப்ப அவ குரலே இறங்கிப் போச்சு.

"பார்த்தியா"ன்னாங்க அண்ணி. "பதினெட்டாயிரம் சம்பளத்துக்கு இவ்வளவு செலவா? கையைக் கடிக்காதா?"

இவரு பேச்சை முடிச்சுடணும்னு கொட்டேஷன் புக்கை எடுத்து, ஐட்டம் ஐட்டமா அழகா எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தி என் கையில கொடுத்தாரு. "நான் வேண்டாம்னு சொல்லலைம்மா. கணக்கு சொல்லுது"ன்னாரு. குரல்ல வருத்தம் நிஜமாவே இருந்துச்சு. அதுதான் இன்னும் எரிச்சல்.

பேப்பரை எடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். அழுகையா வந்துச்சு. டம்ளரைக் கழுவற மாதிரி குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன். காலேஜு போச்சு, மைக்ராஸ்கோப்பு போச்சு, இனி காலண்டர்ல ஒட்டின சாரத்தைப் பார்த்துட்டே காலம் தள்ள வேண்டியதுதான்னு நினைச்சேன். கையில கொட்டேஷன் இருந்துச்சா, பழக்கதோஷம், எது விட்டுப்போச்சுன்னு படிக்க ஆரம்பிச்சேன். ஃபோன் இருக்கு. ஷேடு இருக்கு. வசூல் இருக்கு. சமையல் இருக்கு. எதுவுமே விட்டுப்போகலை. பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா எதுவும் விட்டுப்போகலை. கீழே அவரு கையெழுத்து, சீலு.

குழாயை மூடினேன். முகத்தைக் கழுவிட்டு, பேனாவை எடுத்துட்டு வெளிய வந்தேன்.

"என்னங்க, இது உங்க கையெழுத்துதானே?"

"என்னம்மா கேள்வி இது?"

"எழுதிக் கொடுத்தா கொடுத்ததுதானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"வகுப்பு மத்தியானம் ஒரு மணிக்கு முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் இந்த வேலையெல்லாம் நானே செய்யறேன், வெளியாள் வேண்டாம். காலையில வர்ற ஃபோனுக்கு மட்டும் நீங்களே வாயைத் திறந்து பதில் சொல்லிக்குங்க. பாதி நாளுக்குப் பாதிக் கூலி போதும். விலை போட்டது நீங்க. அந்த விலைக்கு எனக்குச் சம்மதம்." அப்படியே அவரு கையெழுத்துக்குக் கீழே 'பாதிக் கூலிக்குச் சம்மதம்'னு எழுதி, என் கையெழுத்தையும் போட்டேன். "அட்வான்ஸ் முப்பது சதவீதம்."

பொண்ணு உடனே கால்குலேட்டரைத் தட்டினா. "பாதின்னா நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம், அதுல முப்பது சதவீதம் ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்து அறுநூறு. சாரத்துக்கு நானூறு மிச்சம் இருக்குப்பா."

"இது என்ன கூத்து?"ன்னு அண்ணி பேப்பரைப் பிடுங்கினாங்க. மேலேருந்து கீழே வரைக்கும் விரலை வெச்சுப் படிச்சாங்க. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ரத்தம், பொய் சொல்ல வராது. "பாதி நாளுக்குப் பாதி... சரியாத்தான் இருக்கு. சீலு வேற குத்தித் தொலைச்சிருக்கியேடா"ன்னு தம்பியைப் பார்த்தாங்க.

அவரு எங்க யாரையும் பார்க்கலை. நாற்காலியில சாய்ஞ்சு, எங்க வீட்டுச் சீலிங்கையே பார்த்துட்டிருந்தாரு. நான் அடுத்த சண்டைக்குச் சேலையை வரிஞ்சு கட்டிட்டு நின்னேன். என்னென்ன கேட்கணும்னு வரிசையா நாக்கு நுனியில இருந்துச்சு.

"சீலிங்கை விட்டுட்டேன்"னாரு மெதுவா.

"எதுலங்க?"

"எல்லாத்துலயும்தான். இத்தனை வருஷமா நான் எழுதின ஒரு எஸ்டிமேட்லயும் உன் கூலி இல்லை."

நாக்கு நுனியில இருந்ததெல்லாம் எங்கயோ போயிடுச்சு. அப்படியே அவரு பக்கத்துல உட்கார்ந்துட்டேன். அண்ணி மூக்கை உறிஞ்சிட்டு, ஜலதோஷம்னாங்க.

ஃபீஸ் கட்டற அன்னிக்கு அவரும் வந்தாரு, டேப்போடதான். பணத்தை ரெண்டு தடவை எண்ணி மேடம் கையில கொடுத்தாரு. ரசீதுல என் பேரை எழுதறதை எட்டி எட்டிப் பார்த்தாரு. அப்புறம் சட்டைப் பையிலேருந்து ஒரு கவரை எடுத்து மேஜை மேல வெச்சாரு. மாடிப்படிச் சுவத்துக்குக் கொட்டேஷன். நான் படிச்சுப் பார்க்காம வெளிய போன கொட்டேஷன், இதுல எதை விட்டிருக்காரோ.

மேடம் கண்ணாடியை நெத்தியிலேருந்து இறக்கிப் படிச்சாங்க. "பெயின்ட் சரி, ஆள் கூலி சரி. ஷேடு, பில், ஃபோன், தனிக் கூலின்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது யாருக்கு? கொஞ்சம் குறைச்சுக்கலாமே."

"அது உங்க ஸ்டூடண்டோட கூலி மேடம்"னாரு. "அதுல குறைக்க முடியாது. எழுதிக் கொடுத்தாச்சு."