கைக்குக் கை

"என்னடி அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணைக் கொட்டாம நிக்குற? சொல்லு."

"சும்மாதான். மரம் கருகுற வாசனை நல்லா இருக்கு."

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு இது. நான் முதன்முதலாக முழுசாகச் செதுக்கி முடித்த பைப்பின் கழுத்தில், அடுப்பில் காய்ச்சிய இரும்பால் என் வீட்டுக்காரர் தன் குறியை வைத்துக்கொண்டிருந்தார். குறி என்றால் ஒரு சின்ன இலை. இரும்பு முனையை அவரே அரத்தால் ராவி உண்டாக்கியது. அந்த இலையைப் பார்த்தால் போதும், யார் செய்த பைப் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

வாசனை நல்லா இருக்கு என்றது பொய். கண்ணை எரிக்கும் புகை அது. அந்த இலைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு குறி வேண்டும் என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை. தானாகவே தோன்றிச் செய்வார் என்று இருந்துவிட்டேன். கேட்டு வாங்கினால் பிச்சை மாதிரி ஆகிவிடும் என்ற வீம்பும் இருந்தது. வீம்புக்கு வயசாகி, அது கோபமாகி, கோபத்துக்கும் இப்போது வயசாகிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் புகையிலை பைப் செய்கிறவர்கள். பைப் கடை என்று சொன்னால், "வீட்ல குழாய் ஒழுகுது, வந்து பாக்குறீங்களா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். மரம் வாங்குவதும், லேத்தில் கொடுத்துக் கிண்ணத்தையும் புகைத்துளையையும் குடைவதும் அவர் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. துளை மயிரிழை பிசகாமல் கிண்ணத்தின் அடியில் போய்ச் சேரும். அதற்குப் பிறகு அந்தக் கட்டையைப் பைப்பாக ஆக்குவது நான். உளி, அரம், உப்புத்தாள், மெழுகு எல்லாம் பின்னறையில், என் ஜன்னலுக்குக் கீழே. "வீட்ல என்ன பண்றாங்க?" என்று யாராவது கேட்டால் முன்னறையிலிருந்து ஒரே பதில்தான் வரும்.

"கூடமாட ஒத்தாசை பண்ணுவா."

கூடமாட! அந்த வார்த்தை காதில் விழும் நாளிலெல்லாம் உப்புத்தாள் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

அவர் கெட்டவரா என்றால் இல்லை. அதுதான் என் கோபத்துக்குப் பெரிய இடைஞ்சல். என் விரல்கள் மரத்துப்போனால் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவார். தலைவலி என்றால் டீ போட்டு, ஆற்றிக் கொண்டுவந்து நீட்டுவார். "என்ன பீச்சாங்கை, இன்னும் குடிக்கலியா?" என்று கேலி செய்வார். நான் இடது கைக்காரி. இப்படிப்பட்ட மனுஷனிடம் எங்கே ஆரம்பித்துச் சண்டை பிடிப்பது?

மழை விட்டிருந்த ஒரு காலையில் கத்திக்காரர் வந்தார். மரம் செதுக்கும் கத்திகள் செய்கிறவர். அவர் கத்திக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் உண்டு. வாயில் எங்கள் பைப் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. மேலெல்லாம் மரப்பட்டை மாதிரிக் கொத்திவிட்ட பைப். எங்கோ ஒரு கடையில் வாங்கினாராம்.

"எனக்குன்னு ஒரு பைப் வேணும்" என்றார். "சாணை பிடிக்குறப்ப ரெண்டு கையும் வேலையில இருக்கும். பல்லுல கடிச்சா அப்படியே தொங்கணும், தாடையை இழுக்கக் கூடாது. காசு பேச்சு வேணாம். கைக்குக் கை. என்ன சொல்றீங்க?"

கைக்குக் கை என்பது எங்களைப் போன்ற தொழில்காரர்களுக்குள் நடப்பது. உனக்கு நான் ஒன்று, எனக்கு நீ ஒன்று. வேலை செய்கிற கைக்கு அளவாகச் செய்ய வேண்டும். வாங்கியதும் செய்தவர் கண்ணெதிரிலேயே அதைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும்.

என் வீட்டுக்காரர் அளவெடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார். கத்திக்காரர் சிரித்தார்.

"அளவு எங்கிட்டயே இருக்கு. ரெண்டு வருஷமா உங்க கைவேலையைத் தடவிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"கேட்டியாடி?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் இவர். அன்று முழுக்க இவர் கால் தரையில் பாவவில்லை.

நான் கத்திக்காரரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் அவருக்குக் கடைவாய்ப் பல் இல்லை. வலது பக்கமே கடித்தார்.

நல்ல வேர்க்கட்டை ஒன்றை எடுத்துக் குடைந்து கொடுத்தார் இவர். தீ மேலெழும்புவது போல ரேகை ஓடிய கட்டை. பாதி செதுக்கும்போது கிண்ணத்தின் பக்கவாட்டில் சொத்தை ஒன்று வாயைப் பிளந்தது.

"மரத்தூளும் மெழுகும் வச்சு அடைச்சிடு. யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

"கல்லுளிமங்கி. பேசவே மாட்டா, பேசுனா இப்படி."

சொத்தை மறையும் வரை அந்தப் பக்கத்தைச் சீவினேன். எடை ஒரு பக்கம் சாயாமலிருக்க மறுபக்கத்தையும் சீவினேன். உருண்டையாக வர வேண்டிய கிண்ணம் முட்டை மாதிரி நீண்டுபோனது. வாய்க்குழலை வலது கடைவாய்க்குத் தக்கபடி லேசாகத் திருப்பி வைத்தேன். பிறகு அதைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, சாணை பிடிக்கிறவரைப் போலத் தலையைக் குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். அசையவில்லை.

"மீசை ஒண்ணுதான் குறைச்சல்" என்றார் இவர், வாசலில் நின்றபடி.

சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சொன்ன நாளில் கத்திக்காரர் வந்தார். நான் பின்னறையில் பைப்புக்குக் கடைசித் தடவையாக மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். முன்னறை அடுப்பில் இலைக் குறி காய்ந்துகொண்டிருந்தது.

"இரும்பு பழுக்கட்டும், குறி வச்சுத் தந்துடுறேன். அதுக்குள்ள கத்தியைக் காட்டுங்கண்ணே" என்றார் இவர்.

துணி பிரிகிற சத்தம். "அடடா!" என்று இவர் குரல். பிறகு மரத்தில் ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு, ஒரு முனகல்.

"என்னண்ணே, சீவச் சொன்னா உள்ள பாயுது? கட்டைவிரல் வைக்குற பள்ளமும் தப்பான பக்கம் இருக்கு. கோணலா செஞ்சுட்டீங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என் கத்தியிலயா கோணல்? இடது கையில பிடிங்க."

"இடது கையிலயா? நான் வலது கைக்காரன்ணே."

கத்தியை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்போ இதை யாரு கொத்துனது?" கத்திக்காரரின் குரல் ஏறியது. பழைய பைப் மேஜையில் டக்கென்று விழுந்தது. "நல்லா பாருங்க. ஒவ்வொரு கொத்தும் எந்தப் பக்கம் சாயுது? இது இடது கையி. இந்தக் கையிக்குத்தான் நான் கத்தி அடிச்சேன். நீங்க யாரு?"

என் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். என் பொண்டாட்டி என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் குறியைக்கூட மறந்திருப்பேன்.

"அது வந்துண்ணே... முன்னாடி ஒரு ஆள் வேலைக்கு இருந்தான். இடது கைக்காரன். நின்னுட்டான்."

ஆள். இருந்தான். நின்னுட்டான்.

கூடமாட என்ற வார்த்தையாவது என்னை இந்த வீட்டுக்குள் ஒரு மூலையில் வைத்திருந்தது. இது என்னை ஆண்பிள்ளையாக்கி, கணக்குத் தீர்த்து, வெளியே அனுப்பிவிட்டது.

"அப்படின்னா இது கைக்குக் கை இல்ல, ஏமாத்து" என்றார் கத்திக்காரர். "கத்தியைக் குடுங்க. நான் கிளம்புறேன்."

நான் எழுந்து முன்னறைக்குப் போனேன். பைப் வலது கையில் இருந்தது. மேஜையில் கிடந்த கத்தியை இடது கையில் எடுத்தேன். பள்ளத்தில் என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே போய் உட்கார்ந்தது. இத்தனை வருஷம் வலது கைக்கென்று அடித்த உளிகளோடு மல்லுக்கட்டித்தான் என் விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பைப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த துண்டுக்கட்டையை எடுத்து ஒரே இழுப்பு இழுத்தேன். வெங்காயத்தோல் மாதிரி ஒரு சுருள் எழும்பித் தரையில் விழுந்தது.

கத்திக்காரர் சுருளைக் குனிந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நின்னுபோன ஆளு இவங்கதானா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

இவர் முகம் கறுத்துவிட்டது. "இல்லண்ணே, இவ கூடமாட..."

"அந்த வார்த்தை வேணாங்க" என்றேன். "இன்னைக்கு வேணாம்."

"வந்தவங்க முன்னாடி எதுக்குடி? உள்ள போயிப் பேசிக்கலாம்."

"உள்ளதானே இத்தனை வருஷமா இருக்கேன்?"

கத்திக்காரர் தொண்டையைச் செருமினார். "கத்தி போக வேண்டிய கையிக்குப் போயிடுச்சு. எனக்குச் சண்டை இல்ல. பைப்பைக் குடும்மா, பாக்கலாம்."

அடுப்பில் இரும்பு சிவந்துவிட்டது. வேறு என்ன செய்வதென்று தெரியாததாலோ என்னவோ, இவர் இடுக்கியால் அதை எடுத்துக்கொண்டு, மறு கையைப் பைப்புக்காக என்னிடம் நீட்டினார். பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தும் நான் கொடுக்கவில்லை.

"என்னடி அப்படிப் பாக்குற?" என்றார்.

ஒண்ணுமில்ல என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கதோஷம். அதை விழுங்கினேன்.

"எனக்கும் ஒரு குறி ராவிக் குடுங்க" என்றேன். "இலை வேணாம், அது உங்களோடது. எனக்கு வேற. உங்க குறிக்குக் கீழ இல்ல, பக்கத்துல வைக்கணும். இந்தப் பைப்புல இருந்தே வைக்கணும்."