பழைய வழக்கை எங்கே வைப்பது

1

இந்தக் கதை எனக்கு நீதிமன்ற வராந்தாவில் கிடைத்தது. சொந்த வேலையாகப் போயிருந்தேன். என் வக்கீல் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு பிளம்பரின் வழக்கைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன். எழுதுகிறவன் காது சும்மா இருக்காது.

முதல் வரி: 'பிளம்பர் நல்லவர்தான், ஆனால்'

(வேண்டாம். 'ஆனால்' வந்தாலே ஆள் காலி.)

2

வண்டி நிறுத்தும் இடத்தில் வாய்த்தகராறு. பக்கத்து வீட்டுக்காரர் பிளம்பரின் அக்காவை ஒரு கேவலமான வார்த்தை சொன்னார். பிளம்பர் பிடித்துத் தள்ளினார். மனுஷர் படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. குற்றம் நிரூபணமாகிவிட்டது. தண்டனையை மட்டும் அடுத்த வாரம் சொல்வதாகத் தள்ளிவைத்தார்கள்.

நீங்கள் நீதிபதியாக இருந்தால் எவ்வளவு தண்டனை கொடுப்பீர்கள்? மனதில் போட்டுவையுங்கள்.

3

அந்த நீதிமன்றத்தில் ஒரு முறை உண்டு. குற்றவாளிதான் என்று முடிவாகும்வரை பழைய தண்டனையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. முடிவான பிறகு எடுத்து வாசிப்பார்கள். நானும் முறைப்படியே போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் பிளம்பர் ஒரு தையல்காரரை ஸ்பானரால் அடித்தார். அவருக்கு ஒரு கண் போயிற்று. பிளம்பர் சிறைக்குப் போய்த் திரும்பினார்.

(நீங்கள் போட்டுவைத்தது இப்போது ஏறிவிட்டதா? மணிக்கட்டு அதே மணிக்கட்டுதான்.)

4

எழுதியதை பிளம்பரின் அக்காவிடம் காட்டினேன்.

"அந்தப் பழைய விஷயத்தை எடுத்துடுங்க சார். அதுக்குத்தான் உள்ள இருந்து அனுபவிச்சுட்டு வந்துட்டானே."

"நீதிபதிக்குத் தெரியுமேம்மா."

"அவருக்குத் தெரியட்டும். படிக்கிறவங்களாவது அவனை இந்த ஒரு தப்புக்கு மட்டும் பாக்கட்டும்."

நியாயமாகப் பட்டது. மூன்றாம் பகுதியை அடித்து நீக்கினேன். அதோடு தையல்காரரும் கதையிலிருந்து காணாமல் போனார். மனசு கேட்காமல் அவர் கடைக்குப் போனேன்.

"அவன் முடிச்சுட்டு வந்துட்டான் சார். என் கண்ணு வரலையே," என்றார். ஊசியில் நூல் நுழைய மறுத்தது. "அதுக்காக இப்ப எத்தனை வருஷம் போடலாம்னு என்னைக் கேக்காதீங்க. எனக்கு நூல் கோக்கவே பொழுது சரியா இருக்கு."

மூன்றாம் பகுதியைத் திரும்ப ஒட்டினேன்.

5

முடிவு ஒன்று: ஆறு மாதம். அக்கா அழுதுகொண்டே சிரிக்கிறார். வெளியே வந்த பிளம்பர் மறுபடியும் ஒருவரை

(எழுத மாட்டேன். இன்னும் செய்யாததற்கு ஒருவரை உள்ளே தள்ளுவது என் வேலையில்லை.)

முடிவு இரண்டு: மூன்று வருடம். பக்கத்து வீட்டுக்காரர் பயமில்லாமல் படியிறங்குகிறார். அக்கா வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

இன்றுதான் தண்டனை சொல்லும் நாள். நீதிபதி இருக்கை காலியாக இருக்கிறது. நான் உட்காரப் போவதில்லை, நீங்கள் வாருங்கள். அக்கா முன்வரிசையில் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் நினைத்ததைச் சொல்வீர்களோ, பிறகு நினைத்ததைச் சொல்வீர்களோ, சத்தமாகச் சொல்லுங்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்து தையல்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.