தேரில் ஏறிய கல்யாணப் பட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து செம்பாக்கம் வந்துகொண்டிருந்தேன். முன்னால் இரண்டு பெண்கள். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. ஒருத்தி சொன்னாள்:

"மாதாவுக்குக் கட்டிட்டா மட்டும் அது என் புடவை இல்லாம போயிடுமா?"

மற்றவள் பதில் சொல்வதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது. நான் இறங்கியிருக்கக் கூடாது.

எனக்குக் கதை முதலில் பேச்சாகத்தான் வரும். முகமும் பெயரும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். கேள்வி கேட்ட குரலுக்கு டெபோரா என்று பெயர் வைத்தேன். பதில் சொல்லியிருக்க வேண்டிய குரலுக்கு ஜெயசீலி. மகளும் தாயும். (தோழிகளாகவும் இருந்திருக்கலாம். ஆனால் இப்படி ஒரு கேள்வியை அம்மாவைத் தவிர வேறு யாரிடம் கேட்பார்கள்?)

2

முதல் தொடக்கம்: "செம்பாக்கம் ஏரியின் மேல் செப்டம்பர் மேகங்கள் கவிந்திருந்த அந்த மாலையில், ஆரோக்கிய மாதா கோவில் கொடி மெல்ல…"

வேண்டாம். மேகம் யாருக்கு வேண்டும்?

இரண்டாவது தொடக்கம்: "ஜெயசீலி பிடிவாதக்காரி."

இதுவும் வேண்டாம். இப்படி எழுதினால் நீங்கள் உடனே மகள் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். ஜெயசீலி தனியாக நிற்பாள்.

நேராகவே சொல்கிறேன். டெபோராவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கத்தோலிக்கர் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று. டெபோராவுக்கு இரண்டு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கு முன்னால் பொத்தேரியிலிருந்து மாப்பிள்ளை போன் செய்து, "எனக்கு இது சரியா வராதுங்க" என்றான். கோவில் முழுக்க மூன்றாவது ஓலைக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தது. ஃபாதர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

கல்யாணப் பட்டு பீரோவில் தங்கிவிட்டது. வெந்தய நிறம், அரக்குக் கரை. அதை எடுக்க அன்பியத்துப் பெண்கள் அத்தனை பேரும் வேன் வைத்துக்கொண்டு தி.நகர் போயிருந்தார்கள். (அன்பியம் என்பது ஒரு தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு. ஜெபம் முடிந்ததும் காபி. காபியோடு எல்லா வீட்டுச் சங்கதியும்.) அதனால் அந்தப் பட்டு இருட்டில் தெரிந்தால்கூட அந்தத் தெருப் பெண்கள் அடையாளம் சொல்வார்கள்.

3

மாதா திருவிழாவில் சொரூபத்துக்கு, அதாவது மாதா சிலைக்கு, தினம் ஒரு புடவை கட்டுவார்கள். தேர் நாள் புடவை விசேஷம், அதற்கு யாராவது நேர்ந்துகொள்வார்கள். இந்த வருஷம் ஜெயசீலி, மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பீரோவில் இருந்த பட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஓலை வாசித்த அதே மைக்கில், தேர் நாள் புடவை ஜெயசீலி குடும்பத்தின் காணிக்கை என்று அறிவித்தார். பாடகர் குழுவில் நின்றிருந்த டெபோராவுக்கு அப்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும்:

"என்னைக் கேட்டியா?"

"பீரோவைத் தொறந்தா அது மூஞ்சிலதான்டி முழிக்கிறேன். வெச்சுக்கவும் முடியல, யாருக்கும் குடுக்கவும் முடியல. மாதாகிட்ட போனா சுத்தமாயிடும்."

"அப்ப இவ்ளோ நாள் அழுக்கா இருந்துதா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"சீரியல் லைட்டு போட்டு, பேண்டு வெச்சு, என் கல்யாணம் நின்னுபோனதத் தெருத்தெருவாத் தள்ளிட்டுப் போகப் போறீங்க. நான் பின்னாடியே மெழுகுவத்தி புடிச்சிட்டு வரணும். அதானே?"

"மாதாவுக்குக் குடுக்கறதுல என்னடி அவமானம்?"

"நானா குடுத்திருந்தா ஒண்ணுமில்ல."

இந்த இடத்தில் ஜெயசீலி என்ன சொல்வாள் என்று வெகுநேரம் காத்திருந்தேன். அவள் எழுந்து துவரம்பருப்பு ஊறப்போடப் போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்து டெபோரா சொன்னாள்:

"தேர் நம்ம வாசலுக்கு வர்றப்போ நான் இங்க இருக்க மாட்டேன். அப்புறம் இந்தக் கோவில் பக்கமே வர மாட்டேன். பாத்துக்க."

[ஓரக் குறிப்பு: இதை எழுதியபோது ஜெயசீலி மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஊர் வாயை அடைக்கத்தான் கொடுத்தாளோ? பேனாவை மூடி வைத்துவிட்டேன். மறுநாள் அவள் அன்பியத் தலைவி யூனிஸ் வீட்டு வாசலில் நின்று பேசுவது கேட்டது.]

"யூனிஸக்கா, அந்தப் புடவையைத் திருப்பிக் கேக்கலாமா?"

"மந்திரிச்சதையா? ஏன், மாதா கலர் புடிக்கலன்னுட்டாங்களா?"

"டெபோ அழறாக்கா."

யூனிஸ் சிரிப்பை விழுங்கினாள். "வேணும்னா ஃபாதர்கிட்ட ஒரு வார்த்த…"

"வேணாம். மைக்ல வேற சொல்லிட்டாரு."

கேட்கப் போனாளே, அது போதும் எனக்கு. மறுபடி எழுதத் தொடங்கினேன்.

4

முடிவு ஒன்று: தேர் நாள் காலையில் டெபோரா கோவிலுக்குள் நுழைந்து வேறு புடவையை மாற்றிக் கட்டிவிட்டு…

யூனிஸ் கதைக்குள்ளிருந்தே கேட்டாள்: "சாவி என் இடுப்புல இருக்கு. எந்த வழியா வந்தா?" அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: மழை. தேர் கிளம்பவேயில்லை.

(செப்டம்பரில் மழை வரக்கூடியதுதான். ஆனால் வருஷம் முழுக்கக் காத்திருந்த ஒரு கோவிலின் திருவிழாவை இரண்டு பேர் சண்டைக்காக நனைக்க எனக்கு மனசு வரவில்லை.)

5

ஆகவே, தேர் வந்தது.

சாயங்காலப் பூசை முடிந்து பேண்டு முன்னால், செபமாலை சொல்லும் கூட்டம் பின்னால். எதிர்வீட்டுக் கங்கையம்மாள், மாதா வருகிறாள் என்று தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். தேருக்குப் பின்னால் ஃபயாஸ் தன் ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். டெபோரா சொன்னபடியே கிளம்பித்தான் இருந்தாள். ஆனால் தெரு அடைத்து ஆள் நின்றதால் ஸ்கூட்டியை வெளியே எடுக்க முடியவில்லை. ஹேண்ட்பேகை மாட்டிக்கொண்டு, வாசலில், முகத்தைத் திருப்பியபடி நின்றாள்.

"ஏ, நிறுத்து நிறுத்து! ஒயர் மாட்டிக்கிச்சு!"

தாழத் தொங்கிய கேபிள் ஒயரைக் கழியால் தூக்கிவிட வேண்டியவர் வாணவேடிக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒயர் மாதாவின் தோளில் சிக்கி முந்தானையை இழுத்தது. குத்தியிருந்த பின் தெறித்தது. பட்டு சரசரவென்று சரிந்தது.

பேண்டு நின்றது. தேரைச் சுற்றி அத்தனை ஆண்கள், ஒருவரும் கை வைக்கவில்லை. மாதாவுக்குப் புடவை கட்டுவது பெண்கள்தான், அதுவும் திரை போட்டுக்கொண்டு. அந்தக் கோவில் பழக்கம் அது.

"இன்னாக்கா, வேடிக்க பாத்துகினு கீறீங்க? யாருனா ஏறுங்கக்கா. ஜெனரேட்டர் சூடாவுது," என்றான் ஃபயாஸ்.

"என் முட்டிக்கு ஏறினா, அப்புறம் என்னையும் சேத்துத்தான் தள்ளணும்," என்றாள் யூனிஸ்.

ஜெயசீலி போய்த் தேர்ப்பலகையில் கால் வைத்தாள். உயரம் எட்டவில்லை.

"தள்ளும்மா."

டெபோரா செருப்பைக் கழற்றினாள். ஹேண்ட்பேகை ஃபயாஸ் கையில் திணித்தாள். துப்பட்டாவிலிருந்து பின்னைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டு ஏறினாள்.

புதுப்பட்டு வழுக்கும். மடிப்பு நிற்காது. ஆனால் அவள் விரல்கள் தடுமாறவில்லை. கரையை எந்த அகலத்துக்கு மடிக்க வேண்டும், எந்த இடத்தில் அழுத்திப் பிடித்தால் அடங்கும், எல்லாம் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. கீழே நின்ற ஜெயசீலிக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் இதைக் கட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. கல்யாணம் நின்றுபோன பிறகும்.

ஜெயசீலி பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தி.நகர் போய்வந்த பெண்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவளோ ஒருத்தி வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் யூனிஸ் சத்தமாகச் செபமாலையை எடுத்துவிட்டாள். தெருவே சேர்ந்து சொன்னது. அது பக்தியா, அந்த வாயை அடைப்பதற்கா என்று என்னைக் கேட்காதீர்கள். யூனிஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

6

பின் குத்தியாயிற்று. டெபோரா உடனே இறங்கவில்லை. குனிந்து அம்மாவின் காதருகே ஏதோ சொன்னாள்.

எனக்குக் கேட்கவில்லை. செபச் சத்தம், ஜெனரேட்டர், மறுபடி பேண்டு. "நல்லாத்தாம்மா இருக்கு" என்று எழுதினேன். டெபோரா அப்படியெல்லாம் சீக்கிரம் இறங்கி வருகிறவள் இல்லை. "நாளைக்கே திருப்பி வாங்கு" என்று எழுதினேன். இப்போதுதான் குத்திய பின்னில் விரல் வைத்துக்கொண்டு அதைச் சொல்வாளா? "இதை நான் குடுத்ததா…" என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திவிட்டேன்.

ஜெயசீலியின் பதில் மட்டும் தெளிவாகக் கேட்டது. அதை அப்படியே கொடுக்கிறேன்.

"……………………………………"

"சரிடி. ஃபாதர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

புள்ளி வைத்த வரி உங்களுடையது. கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். தேர் இன்னும் நாலு தெரு போக வேண்டும்.